கயிறு இழுத்து நடந்தவர்கள்

பழவேற்காடு என்றால் பலருக்கு டச்சுக்காரர் கல்லறைகள்தான் ஞாபகம் வரும். எனக்கோ பக்கிங்காம் கால்வாய்க் கரை.

1806இல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய கால்வாய் அது. பின்னர் 1877-78 பஞ்சத்தில் ஏழைகள் கூலிக்கு மண் சுமந்து, சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள்.

ஸ்ரீஹரிகோட்டா விறகு படகில் இவ்வழியேதான் சென்னைக்குப் போகும். ஏரியில் பாய் விரித்து வரும் படகு, கால்வாயில் காற்று விழுந்தால் நின்றுவிடும். உடனே ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிறு மாட்டி, பொழுது சாயும்வரை இழுத்து நடப்பார்கள். சிறுவனாக நானும் சற்று தூரம் கூடவே ஓடியிருக்கிறேன்.

1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுகளும் மெல்ல நின்றன.

சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். அந்த நடைத்தடம் முள்ளுக்குள் மறைந்து கிடக்கிறது. டச்சுக்காரர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இவர்கள் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் கயிறு இழுத்திருந்தால், அவர்கள் கதையை இப்போதே எழுதி வையுங்கள்.