பைட்ஸும் கறிப்பும்

கதிரவெளி உள்ளிட்ட மட்டக்களப்புக் கரையோரத்திலும் இலங்கையின் பிற இடங்களிலும், மதுவுடன் உண்ணும் பொரித்த இறால், கணவாய் முதலியவற்றைக் குறிக்கும் ‘பைட்ஸ்’ என்னும் சொல், கடித்தலைக் குறித்த ஆங்கிலச் சொல் ஒருவாய் உணவு, சிற்றுணவு எனப் பொருள் நகர்ந்து வந்ததன் விளைவாகும். தமிழில் ‘கறித்தல்’ என்பதற்கும் கடித்துத் தின்னல் என்பதே பொருள். சங்க நூல்களில் மிளகைக் குறித்த ‘கறி’, பிற்காலத்தில் சோற்றுக்குத் துணையான சமைத்த உணவையும், தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் இறைச்சியையும் குறிக்கலாயிற்று. ஈழத்திலோ மரக்கறி, மீன்கறி என அதன் பரப்புச் சுருங்காமல் நிலைத்துள்ளது. ‘தொடுகறி’ சோற்றுக்கே உரியதாகிவிட்டமையால், தேறல் எனப்பட்ட தெளிந்த கள்ளுக்கும் இன்றைய திராட்சை மதுவுக்கும் சுவையறிந்து இணைக்கும் உணவைக் ‘கறிப்பு’ எனலே தகும். மிகுந்த காரம் மதுவின் எரிவைக் கூட்டுமாதலின், மிளகாயிட்ட இறாற்கறிப்புக்குச் சற்றே இனிப்புள்ள வெண்மது இசையும்.