கைத்தொழில் என்றாலே நமக்கு ஏன் ஒரு தயக்கம்?



படிக்கிற பிள்ளைக்குத் தையலோ மின்வேலையோ கற்றுக்கொடுங்கள் என்று நான் சொன்னால், உங்களில் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அது சோம்பல் இல்லை, ஒரு வரலாறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி தலைமையில் ஒரு கல்வி மாநாடு கூடியது. ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் தாய்மொழியில், நடுநாயகமாக ஒரு கைத்தொழில். இதுதான் ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டம் வகுத்த குழுவில் நம்மவர் இருவர்: தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் சேவாகிராமத்திலேயே தங்கி அந்த வேலையை நடத்தினார்கள். பிள்ளை தக்ளியில் நூல் நூற்கும். நூலின் நீளத்தில் கணக்கு, பருத்தி விளையும் மண்ணில் புவியியல். நிலக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நூற்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் உயிரே அதுதான்.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி வேறொன்றைக் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைந்தது. ஒரு வேளை பள்ளி, மறுவேளை பையனுக்குத் தகப்பன் தொழில், பெண்பிள்ளைக்கு வீட்டுவேலை. கட்டடமும் ஆசிரியரும் போதாத காலம், இரண்டு வேளையாகப் பிரித்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் வாதம். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் இதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடின. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

எதிர்த்தவர்கள் சொன்னது சரியா என்று பார்க்க நம் பிரம்மதேசத்துக்குக் கிழக்கே, மரக்காணம் உப்பளம் வரை போனால் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிட்டால் முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். அதற்கப்புறம்தான் சாப்பாட்டு உப்பு. கடைசியில் மிஞ்சும் நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், மூட்டையில் ஈரம் கசியும். எந்தத் தண்ணீரை எப்போது திறந்துவிடுவது என்று பார்வையிலேயே சொல்லும் தொழிலாளிகள் அங்கே இருக்கிறார்கள். அது முழுக்க வேதியியல்.

ஆதாரக் கல்வியாக இருந்தால் அந்தப் பாத்தியே வகுப்பறை; ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கிப் படித்திருப்பார்கள். 1953 திட்டத்தில்? உப்பு வாருகிறவர் மகன் மத்தியான வெயிலில் உப்பு வாருவான். கணக்கு எழுதுகிறவர் மகன் நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகுவான். இரண்டும் கைப்பழக்கம்தான், போய்ச் சேரும் இடம் வேறு. அந்த மத்தியானத்தில் ஜிப்சம் ஏன் சாப்பாட்டு உப்புக்கு முன்பே படிகிறது என்று சொல்லித்தர வாத்தியார் கிடையாது.

அந்தக் காயத்தில் நாம் கைவேலையையே பள்ளியிலிருந்து விரட்டிவிட்டோம் என்பது என் எண்ணம். கோத்தாரி குழு 1966இல் வேலை அனுபவம் வேண்டும் என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்றது (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்!). நடைமுறை உங்களுக்கே தெரியும். கைத்தொழில் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், திருப்பித் தரமாட்டார்.

ஆகவே மகன், மகள் இருவருக்கும் உருகுகம்பி மாற்றவும், குழாய்க்கு வாஷர் போடவும், சோறு வடிக்கவும், பொத்தான் தைக்கவும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அப்பன் தொழில் எதுவோ அதை மட்டும் விட்டு வேறு எதிலிருந்தும் தொடங்கலாம்.

ஆதாரப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இதைப் பார்த்தால், உங்கள் பள்ளியில் என்ன தொழில் இருந்தது, யாரெல்லாம் சேர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். தக்ளி யார் வீட்டிலாவது இருந்தால் படம் போடுங்கள்.