பெரிய விதையைப் பொறுக்கச் சொன்ன டீச்சர்



போன வாரம் பெங்களூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மொட்டை மாடியில் பைகளில் பீன்ஸ் வளர்க்கிறாள். "டீச்சர், எட்டாம் வகுப்புல நீங்க சொன்ன மாதிரியே மூணு வருஷமா குண்டு விதையாப் பொறுக்கி எடுத்து வச்சுத்தான் விதைக்கிறேன். காயும் பெரிசாகல, விதையும் பெரிசாகல. நான் எங்க தப்புப் பண்றேன்?" என்றாள்.

தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. "நல்ல விதை வேண்டுமானால் இருப்பதில் பெரியதைப் பொறுக்கு" என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பீன்ஸ் விஷயத்தில் அது செல்லாது. அதை இதே பீன்ஸை வைத்தே ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பெயர்தான் பிரெஞ்சு பீன்ஸ். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பக்கத்தில் ஒரு முறையும், தெற்கே ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் தனியாக இன்னொரு முறையும் மக்கள் இதைப் பயிராக்கினார்கள். கொலம்பஸ் காலத்துக்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்குப் போனது, அங்கிருந்து நம் மலைகளுக்கு வந்தது. நம் அவரை வேறு, இது வேறு. ராஜ்மா மட்டும் இதே இனத்தின் முற்றிய விதை.

காட்டில் வளர்ந்த பீன்ஸ் ஒரு கொடி. அதன் நெத்து காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். அந்த முறுக்குக்கு உதவிய நார்தான் இன்றைக்கும் நாம் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் உரித்துப் போடுகிற நார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். வெளி மகரந்தம் உள்ளே போவது அபூர்வம். அதனால் பிள்ளைச் செடி தாய்ச் செடியை அப்படியே கொண்டிருக்கும். ஒரு கைப்பிடி விதை இருந்தால் ஒரு வகையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவிடலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 1838-இல் அமெரிக்க அரசு செரோக்கி பழங்குடி மக்களைத் தென்கிழக்கு மலைகளில் இருந்த அவர்கள் ஊர்களிலிருந்து ராணுவத்தை வைத்து வெளியேற்றியது. சுமார் 16,000 பேரை இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். பாதிப் பயணம் கடுங்குளிரில். ஏறக்குறைய 4,000 பேர் இறந்துபோனார்கள். அதைத்தான் 'கண்ணீர்ப் பாதை' என்று சொல்கிறார்கள். செரோக்கி வழியில் வந்த ஜான் வைச் என்பவர் 1977-இல், பழைய விதைகளைக் காக்கும் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' அமைப்புக்குக் கருநிற பீன்ஸ் விதைகளை அனுப்பினார். அந்தப் பயணத்தில் தம் முன்னோர் கொண்டுவந்த விதையின் வழி இது என்றார். வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனவர்கள் விதையை விடவில்லை. இன்றைக்கும் அந்தக் கொடி பலர் தோட்டத்தில் காய்க்கிறது.

அடுத்தது டென்மார்க். வில்ஹெல்ம் யோகான்சென் என்ற தாவரவியல் அறிஞர் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் 'பிரின்சஸ்' என்ற குட்டை பீன்ஸ் வகையின் விதைகளை வாங்கினார். ஒவ்வொரு செடியின் வாரிசையும் தனித்தனியாக வளர்த்து 19 வழிகளைப் பிரித்தார். ஒரு வழியில் விதையின் சராசரி எடை சுமார் 640 மில்லிகிராம், இன்னொன்றில் சுமார் 350. வழிக்கு வழி வித்தியாசம் இருந்தது. பிறகு ஒரே வழிக்குள் பெரிய விதையைத் தனியாகவும் சிறிய விதையைத் தனியாகவும் விதைத்துப் பார்த்தார். ஆறு தலைமுறை பொறுக்கினார். பெரியதன் பிள்ளைகளும் சிறியதன் பிள்ளைகளும் அதே சராசரியில்தான் வந்து நின்றன.

காரணம் எளிது. ஒரே வழிக்குள் ஒரு விதை குண்டாக இருப்பது அதற்குக் கிடைத்த சத்து, தண்ணீர், நெத்துக்குள் அது இருந்த இடம் இவற்றால். அது வாரிசுக்குப் போகாது. இதை 1903-இல் புத்தகமாக வெளியிட்டார். 1909-இல் வாரிசுக்குப் போகிற அந்த ஒன்றுக்கு அவர் வைத்த பெயர்தான் நீங்கள் பாடத்தில் படித்த 'ஜீன்'.

அப்படியானால் தேர்வு செய்வதே வீணா? இல்லை. நியூயார்க் மாநிலத்தில் லீ ராய் என்ற ஊரில் கால்வின் கீனி என்ற விதைக்காரர் இருந்தார். வயலில் நார் குறைந்த செடிகளைத் தேடித் தேடி எடுத்துப் பெருக்கினார். அவர் உருவாக்கிய நாரில்லாத பச்சை பீன்ஸை பர்ப்பி விதை நிறுவனம் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கீனி பார்த்தது தனி விதையை இல்லை, செடியை. செடிக்குச் செடி பிறப்பிலேயே வித்தியாசம் இருந்த இடத்தில் தேடினார், கிடைத்தது. நம் அடுக்களையில் மிச்சமான நேரத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

என் மாணவிக்கும் உங்களுக்கும் நான் திருத்திச் சொல்கிற பாடம் இது.

முதல் தேர்வு வகையில்தான். தொட்டிக்கும் பைக்கும் அர்க்கா கோமல், கன்டெண்டர் போன்ற செடி பீன்ஸ் போதும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் சேர்ந்தாற்போல் காய்த்து முடியும். கொம்பு நட்டுப் பந்தல் போட இடமிருக்கிற மலைக்காரர்கள் கென்டக்கி வொண்டர் போன்ற கொடி பீன்ஸ் போடலாம். தாமதமாகத் தொடங்கினாலும் நெடுநாள் காய்க்கும். சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசியில் விதையுங்கள். கோடைச் சூட்டில் பூ உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, விதைக்கு விடும் காயைச் செடியிலேயே நெத்தாகக் காயவிடுங்கள். குலுக்கினால் சத்தம் வர வேண்டும். குண்டு விதை, ஒல்லி விதை என்று பார்க்க வேண்டாம். நோயில்லாத செடியா என்று பாருங்கள். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்த செடியின் விதையை எடுக்காதீர்கள். அந்த வைரஸ் விதை வழியாகவும் போகும்.

மூன்றாவது, ஊரில் யாராவது கலப்பாக வைத்திருக்கும் பழைய விதை கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில்தான் தேர்வுக்கு இடம் உண்டு. நன்றாகக் காய்த்த ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, அடுத்த வருஷம் தனித்தனியாக விதைத்துப் பாருங்கள். யோகான்சென் செய்ததும் அதுதான்.

மாணவியிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ மூணு வருஷம் வீணா டீச்சர்?" என்றாள். இல்லையம்மா. காய் பெரிதாகவில்லை, சரி. ஆனால் மூன்று வருஷமும் கடைக்குப் போகாமல் ஒரு வகையைக் கலப்பில்லாமல் வைத்திருக்கிறாய். எனக்கும் ஒரு கைப்பிடி அனுப்பு என்றேன்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ டப்பாவில் போட்டு வைத்த பீன்ஸ் விதை இருந்தால், யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். இந்த வருஷமே கொஞ்சம் விதைத்தும் விடுங்கள்.