பேசும்படம் தந்த நகை

திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். அவை ஊமைப்படங்கள். அவற்றிலும் சிரிப்பு உண்டு. எனினும் அது கண்ணுக்கு மட்டுமே உரியது. செவிவழி நகை தமிழ்த்திரைக்கு வந்தது, 1931இல் 'காளிதாஸ்' பேசிய பிறகே.

அவ்வகை நகையின் சிறந்த சான்று 1941இல் வெளிவந்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் படமாக்கினர். எசமானாக நடித்த டி.ஆர். ராமச்சந்திரன், அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்காம்புலியூரினர். அதே பெயர் கொண்ட வேலைக்காரன், காளி என். ரத்தினம், தமிழாசிரியர், கே. சாரங்கபாணி.

ரயில் பயணம் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கப்பட்ட மாணவன், நிலையத்துக்குப் போனதாகவும், வண்டி போய்விட்டதால் வீடு திரும்பியதாகவும் எழுதி முடித்துவிடுகிறான்! ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதற்குச் சினம் கொள்ளலாமா? இத்தகைய ஏடுகளை நாமும் திருத்தியவர்கள்தாமே!

வேலைக்காரனின் நகையோ இன்னும் நுட்பமானது. ஏவிய சொல்லை அவன் அப்படியே பொருள்கொள்வான். 'சோடா உடைத்துக் கொடு' என்னும் நம் வழக்கை எண்ணிப் பாருங்கள். உடைவது பாட்டில் அன்று. நேர்ப்பொருளை 'ஹகீகத்' என்றும், பெயர்ப்பொருளை 'மஜாஸ்' என்றும் அரபு அணியிலக்கணம் பகுக்கும். இவ்விரண்டும் மயங்குமிடத்தில் நகை பிறக்கிறது. பேதைமையையும் மடமையையும் நகைக்குரிய களன்களாகத் தொல்காப்பியமும் வகுத்துள்ளது.

கேளிக்கை எனச் சினிமாவை ஒதுக்கிய பெரியோர் நம்மிடையே பலர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் மொழி வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் இழப்பு கண்முன் நிற்கிறது. 'காளிதாஸ்' படத்தின் படி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அதில் ஒலித்த தமிழ் மறைந்தேபோயிற்று. 'சபாபதி' பிழைத்தது. அக்காலத்து வீட்டுப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எந்த அச்சேடு நமக்குக் கேட்பிக்கும்?

காவிரியின் தென்கரையில் தந்தையை 'அத்தா' என்றழைக்கும் வீடுகள் உண்டு; ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் 'அப்பா' என்றழைக்கும் வீடுகள் உண்டு. ஒரு சொல்லின் இருபொருளை உணர்ந்து இரு கரையாரும் ஒருசேரச் சிரிப்பாராயின், அவர்கள் ஒரே மொழியின் மக்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?