பிற்பாட்டுக்காரர்

பிற்பாட்டுக்காரர் என்போர் மட்டக்களப்புக் கூத்தில் ஆடுபவர் பாடும் பாட்டை ஏற்றுப் பாடித் துணைநிற்பவர்கள். பக்கப்பாட்டுக்காரர் என்றும் சொல்வதுண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் பெரியகல்லாறு முதலான எழுவான்கரை ஊர்களும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையும் இக்கூத்து மரபின் நிலம்.

கூத்தரைத் தாங்கி நிற்போர் பலர். பழக்கி ஆட்டுவிப்பவர் அண்ணாவியார். மத்தளமும் பெரும்பாலும் அவர் கையில்தான். ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவர் கொப்பி பார்ப்பவர். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அண்ணாவியாரோடு வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியின் நடுவே நிற்க, ஆடுபவர் அவர்களைச் சுற்றி வருவார். பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டம் கொடுத்தலில் ஆடுவோர் தத்தம் பாத்திரத்துக்குரிய பாட்டையே பெறுகின்றனர். பிற்பாட்டுக்காரரோ அரசன் பாட்டும் அறிய வேண்டும், அரசன் வரவை அறிவிக்கும் கட்டியக்காரன் பாட்டும் அறிய வேண்டும். ஆயினும் கூத்தைப் பற்றி எழுதியோர் அண்ணாவியாரைப் போற்றிய அளவுக்கு இவர்களைப் போற்றவில்லை.

கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடி என்ற பிரிவு இவர்கள் பணியிலும் தெரியும். வடமோடியில் கூத்தர் பாடிய பாட்டை முழுவதும் திருப்பிப் பாடுவர். தென்மோடியில் கடைசிப் பகுதியை மட்டும் ஏற்று, சந்தத் தொடரான தருவையும் சேர்த்துப் பாடி முடிப்பர். வடமோடிக் கதைகள் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்கள். அரசர் வேடத்துக்குக் கனத்த முடியும் உடுப்பும் உண்டு. அந்தப் பாரத்தோடு விடியும்வரை ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடம் தருவது பிற்பாட்டே. குரல் பிற்பாட்டுக்காரரிடம் போனதும் ஆடுபவர் கால் ஆட்டத்துக்கு விடுபடுகிறது. பிற்பாட்டு தளர்ந்தால் எத்தனை நல்ல ஆட்டக்காரரும் தளர்ந்துபோவார். எனவே பிற்பாட்டுக் கலையின் நிறைவை வடமோடியில் காண்பதே பொருத்தம். தென்மோடியின் இசைநுட்பத்தை மெச்சுவோர் மறுக்கக்கூடும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. விடிய விடிய ஆடிய கூத்து அங்கே சுருங்கியது. ஒருபுறம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்கு, பிற்பாட்டுக்காரர் நிற்கும் வட்டக்களரியின் நடு இடம் பொருந்தவில்லை.

இன்று மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் கூத்து பயிலப்படுகிறது.