இளமை தந்த திருக்குளம்



அறுபத்துமூன்று நாயன்மார்களுள் தவத்தால் உயர்ந்தோர் உளர். வீரத்தால் உயர்ந்தோர் உளர். இல்லத்தினுள்ளே நேர்ந்த ஒரு பிளவும், அது நீங்கிய விதமுமே வரலாறாக அமையப் பெற்றவர் திருநீலகண்ட நாயனார். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தை அருளினார். அதனுள் தில்லைவாழ் அந்தணர்க்கு அடுத்து இம்மண்பாண்டத் தொழிலாளரின் வரலாறே வருகின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வகுத்த முறை அது. இல்லறத்தின் சிக்கல் சமயத்திற்குப் புறம்பான செய்தி அன்று என்பதற்கு இவ்வைப்பு முறையே சான்றாகும்.

நாயனார் தில்லையில் வாழ்ந்தார். சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்து வந்தார். இளமையின் வேகத்தால் ஒருநாள் பரத்தை ஒருத்தியின் மனைக்குச் சென்று திரும்பினார். அதனை உணர்ந்த அம்மையார் ஊடினார். அருகே வந்த கணவரை, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது எனத் தடுத்தார். தம்மைப் பன்மையாற் குறித்து அவர் உரைத்தமையின், பெண்டிர் எவரையும் இனி மனத்தாலும் தீண்டேன் என நாயனார் உறுதி பூண்டார்.

அன்றுமுதல் இருவரும் ஒரே சிறு மனையில் வாழ்ந்தனர். அம்மையார் செய்யவேண்டிய பணிகளில் ஒன்றும் குறையவில்லை. நாயனாரின் தொண்டும் குறையவில்லை. அயலார் எவரும் அறியவில்லை. இவ்வாறே ஆண்டுகள் பல கழிந்து இருவரும் மூப்பு எய்தினர்.

இந்நிலை தில்லையோடு முடிந்ததா? நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிலிலும் ஈடுபட்டு, பொழுது புலருமுன் இல்லம் விட்டுப் புறப்படும் கணவனும் மனைவியும் எத்தனை பேர்! உலை கொதிக்கின்றது, பிள்ளைகள் படிக்கின்றனர், கடன் அடைகின்றது. ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் விடை வாராது. இவர்களிடையே ஆணை இல்லை, பூசலும் இல்லை. எனினும் நெருக்கம் போயிற்று.

இறைவன் சிவயோகியாக வந்தார். ஓர் ஓட்டினைக் கொடுத்துக் காத்துத் தருமாறு பணித்தார். நாயனாரும் சேமமாக வைத்தார். பின்னர் யோகியார் வந்து கேட்டபோது வைத்த இடத்தில் ஓடு இல்லை. இறைவனே அதனை மறைத்தருளினார். வேறு நல்ல ஓடு தருவதாக நாயனார் வேண்டினார். பொன்னாலே செய்து தரினும் கொள்ளேன், நாம் தந்த மண்ணோடே வேண்டும் என்றார் யோகியார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பத்திரமாக இருக்கின்றது என்று நாம் எண்ணி வாளா இருந்த ஒன்று, தேடுங்கால் காணப்படுவதில்லை. மணவாழ்வின் அன்பும் அத்தகையதே. அதற்கு ஈடாகப் பட்டும் நகையும் வாங்கித் தருவோர் உளர். இழந்தது மண்ணோடாயினும் அதற்குப் பொன் ஈடாகாது.

மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்றார் யோகியார். வழக்கு தில்லை அந்தணர் அவைக்குச் சென்றது. அவர்களும் அதனையே விதித்தனர். திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தில், மூங்கில் தண்டு ஒன்றின் ஒரு முனையை நாயனாரும் மறுமுனையை அம்மையாரும் பற்றி இறங்கினர். கையையே பற்றுக என்று யோகியார் வற்புறுத்தவே, நாயனார் பண்டு நிகழ்ந்ததை அங்கிருந்தோர் யாவரும் அறிய உரைத்தார். தம் பிழையை மறைத்து அம்மையார் மேல் பழி சாற்றினாரில்லை. உரைத்த பின்னரே மூழ்கினர். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். அம்மையப்பர் விடைமேல் காட்சி தந்தருளினார். இளமையாக்கினார் கோயில் என்று சிதம்பரத்தில் அத்தலம் இன்றும் வழங்குகின்றது. தை விசாகம் நாயனாரின் குருபூசை நாள்.

நிகழ்ச்சியின் வரிசையை நோக்குக. முதலில் மெய் பேசுதல். இளமை அதன் பின்னரே. இளமை மீண்டதால் அவர்கள் கூடினர் என்பதினும், பல்லாண்டு புதைந்து கிடந்த சொல் வெளிப்பட்டமையால் இளமை மீண்டது என்பதே பொருத்தம்.

இதற்கு ஒப்பாக நம் வேலூரிலேயே ஒரு வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் விசயநகர ஆட்சியில் எழுந்தது வேலூர்க் கோட்டை. அதனுள் அமைந்தது சலகண்டேசுவரர் திருக்கோயில். போர்களும் ஆட்சி மாற்றங்களும் கோட்டையை அலைக்கழிக்க, மூலவர் இன்றி, வழிபாடும் இன்றி நெடுங்காலம் கிடந்தது அக்கோயில். கோபுரம் இருந்தது, மதில் இருந்தது, சிற்பம் செறிந்த கல்யாண மண்டபமும் இருந்தது. கருவறையில் இறைவன் இல்லை. சிவலிங்கத் திருமேனியோ சில கல் தொலைவில், சத்துவாச்சாரியில் இருந்தது. 1981ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் அத்திருமேனி கோட்டைக்குள் எழுந்தருளப்பெற்றது. அன்று முதல் விளக்கு எரிகின்றது, மணி ஒலிக்கின்றது. தொலைவு சில கல்லே; கடக்க எடுத்த காலமோ தலைமுறை பல.

மெய்யன்பர்களே! ஒரே கூரையின்கீழ் இருப்பார்க்கு அத்தொலைவுகூட இல்லை. எடுத்த எடுப்பில் கை பற்ற நாணம் தடுக்குமாயின், தண்டின் இரு முனைகளையேனும் பற்றுமின்: சேர்ந்து உண்ணும் ஒரு வேளை உணவு, சேர்ந்து செல்லும் ஒரு மாலைக் கோயில் வழிபாடு. பிறகு, தம் பிழையைத் தாமே முன்வந்து உரைமின். தலை நரைத்த பின்னர் இது எதற்கு என்று எண்ணற்க. நாயனாரும் அம்மையாரும் குளத்தில் இறங்கியது மூப்பு எய்திய பின்னரே அன்றோ!

திருச்சிற்றம்பலம்.