நம்ம விழாக்களும் நாலு மூலையும்: தோட்டத்திலிருந்து தாமான் வரைக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

நம்ம கோயில் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. "வருசம் முழுக்க இத்தனை விழா எதுக்கு? ஆளும் குறைஞ்சு போச்சு, பணமும் குறைஞ்சு போச்சு. எல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திடலாம், சின்ன விழாவையெல்லாம் ஒண்ணாச் சேர்த்திடலாம்" என்கிறார்கள். இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "அண்ணே, இங்க வருசம் பூரா ஒரே வெயில், ஒரே மழை. ஊர்ல அறுவடைக்கு வச்ச விழாவ ஈப்போவில ஏன் கொண்டாடணும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நான் படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வானத்திலிருந்து ஆரம்பிப்போம். நம் வருசத்துக்கு நாலு மூலை உண்டு. தை 1, சித்திரை 1, ஆடி 1, ஐப்பசி 1. தையில் சூரியன் வடக்கே திரும்புகிறான், அது உத்தராயணம். ஆடியில் தெற்கே திரும்புகிறான், அது தட்சிணாயனம். சித்திரையும் ஐப்பசியும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களைக் குறிக்க வந்தவை. ஆனால் இன்றைய கணக்குப்படி சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நம் தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15. ஏன் இந்த வித்தியாசம்? பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தள்ளாடுகிறது. அதனால் ஏறக்குறைய 72 வருசத்துக்கு ஒரு நாள் விலகுகிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதால் இப்போது 24 நாள் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. சுமார் 1,700 வருசத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. நம் நாலு மூலை அவ்வளவு பழைய கணக்கு.

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஐரோப்பாவில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் இருந்த மக்களும் சூரியன் திரும்பும் நாளைக் கொண்டாடினார்கள். லாத்வியாவில் இன்றும் ஜூன் 23, 24 தேதிகளில் இரவெல்லாம் நெருப்பு மூட்டி விழா எடுக்கிறார்கள், அரசாங்க விடுமுறையே உண்டு. அப்படிப்பட்டவர்களைத்தான் வெள்ளைக்காரன் 'பேகன்' என்று சொன்னான். அந்த லத்தீன் சொல்லுக்கு முதலில் கிராமத்தான் என்றுதான் அர்த்தம். நம்ம மாரியம்மனையும் முனியாண்டியையும் படித்தவர்கள் 'சிறுதெய்வம்' என்று ஒதுக்கிய மாதிரிதான் அதுவும்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பக்கத்து வீட்டுச் சீனர்களைப் பாருங்க. டிசம்பர் 21, 22 வாக்கில் தாங் யுவான் உருண்டை செய்து குடும்பத்தோடு சாப்பிடுகிறார்கள். அது குளிர்காலச் சூரியத் திருப்பம். ஈப்போவில் ஏது குளிர்காலம்? ஆனாலும் விடவில்லை. ஏப்ரல் மாதத்துச் செங் பெங்கும் சூரியக் கணக்குத்தான். சபாவில் காமாத்தான், சரவாக்கில் கவாய், இரண்டும் அறுவடை விழா, இரண்டுக்கும் அங்கே பொது விடுமுறை. ஆக, மண்ணையும் சூரியனையும் கும்பிடுவது இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 1877ல் ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கோல கங்சாரில் நட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ரப்பர் தோட்டங்களுக்குத்தான் நம் பாட்டன் பூட்டன் கங்காணி பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், தென்னாற்காடு என்று பல ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். 1938ல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரைக்கும் அந்த வரத்து இருந்தது.

வந்தவர்கள் விழாவைக் கொண்டுவந்தார்கள், பருவத்தைக் கொண்டுவர முடியவில்லை. ஊரில் ஆடி என்றால் காவிரியில் புதுத் தண்ணி, ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற காலம். இங்கே பேராக்கில் ஜூன், ஜூலைதான் மழை குறைந்த காலம். ஊரில் தை என்றால் சம்பா அறுவடை. இங்கே கதிர் ஏது, பால்மரம்தான். சென்னையில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. ஈப்போவில் அரை மணி நேரம்தான். சூரியன் திரும்பினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆனாலும் தோட்டத்துக்கென்று ஒரு பருவம் இருந்தது. மாசி, பங்குனி வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், கூலியும் குறையும். பிறகு தளிர் வரும். அதேபோல ஐப்பசி அடைமழை மட்டும் ஊருக்கும் பேராக்குக்கும் ஒத்துப்போனது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, மங்கில் தண்ணி நிறைந்துவிடும், பெரட்டுக்குப் போனவர்கள் சும்மா திரும்ப வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் தீபாவளியும் வரும். கையில் காசு இல்லாத மாதத்தில் வருகிற விழா என்பதால்தான் பல தோட்டங்களில் தீபாவளி முன்பணம் அவ்வளவு பெரிய விசயமாக இருந்தது.

மாரியம்மன் மழைக்கும் அம்மை நோய்க்கும் தாய். தோட்டத்தில் மழை பெய்தாலும் கஷ்டம், காய்ச்சல் வந்தாலும் கஷ்டம். அதனால் அவள் இங்கே இன்னும் நெருக்கமாகிப் போனாள். முனியாண்டி எல்லையைக் காத்தார். இருட்டோடு மரம் வெட்டப் போகிறவர்கள் அவரை நினைத்துத்தான் நிரைக்குள் காலை வைத்தார்கள். தோட்டத்துத் திருவிழாவுக்குச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள், துரையும் ஒரு பங்கு கொடுப்பார், அன்றைக்கு வேலை நிற்கும். கரகம், தீமிதி, கூழ், கிடா வெட்டு எல்லாம் உண்டு. முக்கியமான ஒன்று: எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் திருவிழா கிடையாது. ஒரு தோட்டத்தில் ஒரு மாதம், அடுத்த தோட்டத்தில் வேறு மாதம். அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வர முடியும், பெண் பார்க்க முடியும், பழைய சண்டை தீர முடியும். பருவம் இல்லாத நாட்டில் நம் மக்களே தங்களுக்கு ஒரு பருவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

அது உடைந்தது தோட்டம் உடைந்தபோதுதான். 1950களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் நம்ம சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இருந்தாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தாமான் வந்தது, தொழிற்சாலை வந்தது. ஆட்கள் நாலா பக்கமும் போனார்கள். சில கோயில்கள் கூடவே வந்தன. சில கோயில்கள் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கின்றன, வருசத்துக்கு ஒரு தடவை பழைய ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பொங்கல் வைக்கிறார்கள். மாட்டுப் பொங்கல் போன இடமே தெரியவில்லை. அடுக்குமாடி வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது?

நிலைத்து நின்றது எது என்று பாருங்க. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயில், மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு பத்ரகாளியம்மன், சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் தண்டாயுதபாணி. மூன்றும் நிலாவையும் நட்சத்திரத்தையும் வைத்து வருகிற நாட்கள். யாருடைய வசதிக்காகவும் அவற்றை நகர்த்தவில்லை. அதனால்தான் அந்தந்த நாளில் ஊரே அங்கே கூடுகிறது என்பது என் கருத்து.

ஆகவே கூட்டத்தில் நான் சொல்ல நினைப்பது இதுதான். நம் கோயில் ஆண்டுத் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம், தப்பில்லை. தோட்டத்திலேயே அது மக்கள் வைத்த தேதிதான். ஆனால் நாலு மூலையையும் நட்சத்திர விழாவையும் நகர்த்த வேண்டாம். வானம் நமக்காக ஞாயிற்றுக்கிழமை திரும்பாது.

நடைமுறைச் சிரமம் எனக்கும் தெரியும், நானும் ஷிப்டில் வேலை பார்க்கிறவன்தான். 1982ல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஜனவரியில் ஈப்போவில் சூரியன் உதிப்பதே காலை 7.20ஐத் தாண்டித்தான். காலை 7 மணி ஷிப்டுக்குப் போகிறவன் எப்படிச் சூரியனுக்குப் பொங்கல் வைப்பான்? அதனால் காலையில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் கோயிலில் முதல் பானை வைக்கட்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் இரண்டாவது பானை வைப்போம். விறகும் அரிசியும் நம்ம தொண்டர் குழு பொறுப்பு. ஆடிக் கூழும் அப்படியே, இரவு ஷிப்ட் போகிறவர்களுக்கு முன்னாலேயே ஊற்றிவிடலாம். செலவு பெரிசா வராது.

இன்னொரு வேண்டுகோள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன்மார், அக்காமார், உங்கள் தோட்டத்துப் பெயர், அங்கே எந்தச் சாமி, திருவிழா எந்த மாதம், இந்த மூன்றையும் கீழே எழுதுங்க. தெரியாத பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் இன்றைக்கே கேளுங்க. பால்மரத்தோடு சேர்ந்து போன விழாக்களை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் வாயில்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கோயில் அலுவலகத்தில் வைக்கிறேன்.

தாயே துணை.